அதிரும் பம்பு செட்: குறை மோட்டாரிலா, மேடையிலா?

கிணற்றுப் பம்பு செட் மிகுதியாக அதிர்ந்தால் மோட்டாரைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புவது வழக்கம். பேரிங் மாற்றி வந்த பின்னும் சில இடங்களில் அதிர்வு நிற்பதில்லை. போல்ட்டுகள் தளர்கின்றன, உறிஞ்சு குழாய் இணைப்பில் காற்று புகுந்து நீர் குறைகிறது, புதுப் பேரிங்கும் விரைவில் தேய்கிறது. இத்தகைய இடங்களில் மோட்டாரைத் தாங்கும் மேடையையும் சோதிப்பது அவசியம்.

இயல்பு அதிர்வெண்

கிணற்றின் குறுக்கே போட்ட இரும்புக் கர்டரைத் தட்டினால் அது விநாடிக்குக் குறிப்பிட்ட தடவைகள் அதிர்ந்து ஓயும். இதுவே அதன் இயல்பு அதிர்வெண். விறைப்பு கூடினால் இது உயரும். பாரம் கூடினால் குறையும். நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டார் விநாடிக்கு 24 தடவை மேடையை உலுக்குகிறது. மேடையின் அதிர்வெண்ணும் 24-ஐ ஒட்டியிருந்தால், காலமறிந்து தள்ளிய ஊஞ்சலைப் போல், சிறு உலுக்கலும் பெரிதாகிவிடும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர்.

அளக்கும் முறை

மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸைக் கழற்றிவிட வேண்டும். குழாய்களில் நீர் நிறைந்திருக்கட்டும். அதிர்வு அளக்கும் செயலி கொண்ட செல்போனை மோட்டாரின் பாதத்தருகே நாடாவால் இறுக ஒட்டவும். அது விநாடிக்கு 200 தடவைக்குக் குறையாமல் அளவெடுக்க வேண்டும். மேடையை மரச் சுத்தியால் ஒருமுறை தட்டவும். மேல்கீழ் அதிர்வையும் பக்கவாட்டு அதிர்வையும் தனித்தனியே பார்க்கவும். வரைபடத்தில் 10 அலைகள் முடிய அரை விநாடி ஆனால் அதிர்வெண் 20 ஆகும்.

தணிவு

அலைகளின் உயரம் எவ்வளவு விரைவில் குறைகிறது என்பதே தணிவு. அலைக்கு அலை உயரம் 10 சதவீதமே குறைந்தால் தணிவு சொற்பம். ஒத்ததிர்வின்போது, அதே விசை நிலையாக அழுத்தினால் வளையும் அளவைப்போல் சுமார் 30 மடங்கு அந்த மேடை ஆடும். ஒவ்வோர் அலையிலும் உயரம் பாதியானால் சுமார் நாலரை மடங்கே ஆடும்.

திருத்தும் வழி

மேடையின் அதிர்வெண் மோட்டாரின் வேகத்திலிருந்து 20 சதவீதமாவது விலகியிருப்பது நல்லது. 1,440 சுற்று மோட்டாருக்கு இது 19-க்குக் கீழோ 29-க்கு மேலோ இருக்கலாம். கர்டரின் தாங்கல்களுக்கு இடைப்பட்ட தூரத்தைப் பாதியாக்கினால் விறைப்பு 8 மடங்காகும். அதிர்வெண் ஏறக்குறைய 2.8 மடங்காகும். ஆகவே கிணற்றுச் சுவரிலிருந்து சாய்வுத் தாங்கல் கொடுப்பது பலன் தரும்.

மேடை மீது மணல் மூட்டை ஏற்றுவது எப்போதும் உதவாது. அதிர்வெண் 28 ஆக உள்ள மேடை, பாரத்தால் 24-க்கு இறங்கி முன்னிலும் மோசமாக ஆடக்கூடும். ரப்பர் அட்டைகள் தணிவைக் கூட்டும். ஆனால் விறைப்பைக் குறைக்கும். எனவே எந்த மாற்றம் செய்தாலும் மீண்டும் தட்டி அளந்து பார்க்க வேண்டும்.

அளந்த எண் மோட்டாரின் வேகத்திலிருந்து வெகுவாக விலகியிருந்தால் மேடை மீது குறையில்லை. அப்போது பேரிங், கப்ளிங் நேர்மை, பம்புச் சக்கரத்தின் சமநிலை ஆகியவற்றைப் பட்டறையில் சோதிக்கலாம். அளந்தபின் பட்டறைக்குச் சென்றால் வீண் செலவு மிச்சமாகும். பம்பு செட்டும் நீடித்து உழைக்கும்.