தாராக்குஞ்சின் தொண்டை

கோழி வளர்த்துப் பழகிய கைகளுக்குத் தாரா வளர்ப்பது பிரமாதமான காரியமன்று என்ற எண்ணம் கண்டி நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கிராமங்களிலும் வெகுகாலமாக நிலவி வருகிறது. தாரா முட்டையை அடைக்கோழியின் கீழ் வைத்து, கோழி முட்டைக்கு வேண்டிய 21 நாட்களுக்குப் பதிலாக 28 நாட்கள் பொறுத்திருந்து, வெளிவந்த குஞ்சுகளுக்குக் கோழிக்குஞ்சுக்கு இடும் தீனையே அதே தட்டில் அதே விதமாக இட்டு, அவற்றுள் ஒன்றிரண்டு கழுத்தை நீட்டி நீட்டி விழுங்க மாட்டாமல் தவித்து மூன்றாம் நாள் மடிந்துபோனால், "தாராக்குஞ்சு தங்காது" என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். அந்தக் குஞ்சுகளிற் பெரும்பாலானவை தங்கியிருக்கக்கூடியவை என்பதே என் அனுபவம். அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

தமிழ்நாட்டு வாசகர்கள் வாத்து என்று வழங்கும் பறவையை ஈழத்தில் நாம் தாரா என்கிறோம். சிங்களவர் தாராவா என்கின்றனர். மலையாளத்திலும் தாராவு என்றே பெயர். கடலுக்கு இருபுறத்திலும் ஒரே பெயரால் அழைக்கப்படும் இந்தப் பறவைக்கு, எந்த ஊரிலும் முதற்பெரும் தேவை ஒன்றுதான். அது நீர். நீந்துவதற்கு மாத்திரம் வேண்டிய நீரென்று பலர் நினைக்கின்றனர். உண்பதற்கு வேண்டிய நீர் அதனினும் முக்கியமானது.

ஒரு மார்கழி மாதத்து மாலையில், காலை முதல் பெய்த மழை ஓய்ந்து ஹந்தானை மலைச்சரிவில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த வேளையில், மேலே தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்திலிருந்து பத்து வயதுச் சிறுமியொருத்தி பிஸ்கட் தகரமொன்றைத் தாவணித் துணியால் மூடி எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, இதுக்குத் தொண்டையில ஏதோ அடைச்சிருக்கு. தீனி எடுக்குது, ஆனா எறங்க மாட்டேங்குது. அம்மா தண்ணி ஊத்துனாங்க, மூக்கு வழியா வந்திருச்சு" என்றாள்.

பொரித்து நான்கைந்து நாட்களே ஆன மஞ்சள் நிறக் குஞ்சு அது. கழுத்தை மேல்நோக்கி நீட்டுவதும், தலையை இருபுறமும் உதறுவதும், வாயைத் திறந்து திறந்து மூடுவதுமாக இருந்தது. அலகின் ஓரங்களில் தவிட்டு நிறத்தில் பசை காய்ந்திருந்தது. இரண்டு நாசித் துவாரங்களுள் ஒன்று அடியோடு அடைபட்டிருந்தது. கையில் எடுத்தபோது அதன் பாதங்கள் குளிர்ந்திருந்தன. என்ன தீனி கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். கடையில் வாங்கிய கோழிக்குஞ்சு மாத்தீனும், அது தீர்ந்த நேரத்தில் அரிசிக் குறுணலும் தவிடும் என்றாள். தண்ணீர் வைப்பதுண்டா என்றதற்கு, குஞ்சுகள் இறங்கி நனைந்து விறைத்துவிடுமென்று அம்மா காலையிலும் மாலையிலும் சிறிது நேரம் மட்டுமே வைப்பதாகச் சொன்னாள். அந்தத் தாயின் பயம் நியாயமானது. தாய்த் தாராவின் அணைப்பில் வளரும் குஞ்சுகள் முதல் நாளே நீரில் இறங்கலாம். தாயின் இறகிலுள்ள எண்ணெய்ப்பசை அவற்றின் தூவியிலும் படிந்துவிடுகிறது. அடைக்கோழி வளர்க்கும் குஞ்சுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவை நனைந்தால் நனைந்தபடியே நின்று குளிரில் விறைத்துப்போகும்.

இனி, அந்தத் தொண்டையின் அமைப்பைச் சிறிது பார்ப்போம். மனிதருக்கு உணவு மூச்சுக்குழலுக்குள் போகாதபடி காக்கும் மூடி ஒன்று தொண்டையில் உண்டு; பறவைகளுக்கு அது இல்லை. நாக்கின் அடிப்பகுதிக்குச் சற்றுப் பின்னால், வாயின் தரையிலேயே, சிறு பிளவாக மூச்சுக்குழலின் வாய் திறந்திருக்கிறது. பறவை தானாக விழுங்கும் க்ஷணத்தில் மாத்திரம் அது மூடிக்கொள்கிறது. தானாக விழுங்காத ஒரு குஞ்சின் வாயில் நாம் நீரைச் சாய்த்தால், அந்நீர் நேரே சுவாசப் பாதைக்குள் செல்வதற்குத் தடை யாதுமில்லை. சிறுமியின் தாய் ஊற்றிய நீர் மூக்கால் வந்தது அந்தக் குஞ்சின் அதிர்ஷ்டம்; நுரையீரலுக்குப் போயிருந்தால் அன்றிரவே அதன் கதை முடிந்திருக்கும். சிலர் அடைப்பை வழுக்கி இறக்கும் என்று நம்பி நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ ஊற்றுகிறார்கள். அது நீரினும் அபாயம். குஞ்சைத் தலைகீழாகப் பிடித்து உதறுவதும் கூடவே கூடாது.

தாராவின் அலகோ கோழியின் அலகைப் போலக் கொத்துவதற்கென்று அமைந்ததன்று. அதன் உட்புற ஓரங்களிற் சீப்பின் பற்களைப் போல வரிசை வரிசையாகத் தகடுகள் இருக்கின்றன. நாக்கின் விளிம்பிலும் அவ்வாறே மயிர்போன்ற முட்கள் உண்டு. சேற்றுநீரை வாய்நிறைய உறிஞ்சி, நீரை ஓரங்களால் வெளியே தள்ளி, புழுவையும் விதையையும் பாசியையும் உள்ளே நிறுத்திக்கொள்வதற்கென்றே ஏற்பட்ட இந்தச் சல்லடையில் உலர்ந்த மாத்தீன் பட்டால் என்ன ஆகும்? எச்சிலோடு குழைந்து களிபோலாகி, தகடுகளுக்கிடையிலும் நாக்கின் அடியிலும் அப்பிக்கொள்கிறது. கோழிக்கு இருப்பதுபோல் கழுத்தடியில் தனியாகப் புடைத்த தீன்பையும் தாராவுக்கு இல்லை. உணவுக்குழல்தான் நடுவில் சற்று அகன்று அந்த வேலையைச் செய்கிறது. ஒரு வாய் தீனி எடுத்ததும் ஓடிப்போய் நீரில் அலகை நனைத்து, ஒரு மிடறு குடித்து, மறுபடி தீனிக்கு ஓடிவருவதுதான் தாராக்குஞ்சின் போஜன முறை. இந்த ஓட்டத்தை நாம் தடுத்துவிட்டோமானால், பசியோடிருக்கும் குஞ்சு அடுத்த வாயையும் அதற்கடுத்த வாயையும் உலர்ந்தபடியே திணித்துக்கொண்டு மூச்சு முட்டி நிற்கும்.

அன்று முதலில் நான் செய்தது சூடேற்றுவதுதான். குளிர்ந்துபோன குஞ்சுக்கு உணவு கொடுக்கலாகாது. கொடுத்தாலும் அது செரிக்காது. அட்டைப்பெட்டியொன்றில் பழைய துவாலையை விரித்து, ஒரு மூலையில் மின்குமிழைத் தொங்கவிட்டு, வேண்டுமானால் அடியில் வந்து படுக்கவும் வேண்டாமானால் விலகிப்போகவும் இடம் விட்டு வைத்தேன். முதல் வாரத்துக் குஞ்சுக்கு ஏறத்தாழ 32 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று பாகையாகக் குறைத்துக்கொண்டே வரலாம். கண்டி கடல்மட்டத்திலிருந்து 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால், மார்கழி தை மாதத்து இரவுகளில் வெப்பம் 20 பாகைக்கும் கீழே இறங்கிவிடுகிறது என்பதை நாம் மறக்கலாகாது.

குஞ்சு நடுக்கம் தீர்ந்து கால்கள் வெதுவெதுப்பான பிறகு, அதை ஒரு கையால் அணைத்து, விளக்கின் அருகே அலகை மெல்லத் திறந்து பார்த்தேன். நாக்கின் அடியிற் பயறளவு கெட்டியான மாப்பசை இருந்தது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியின் நுனியால், உள்நோக்கித் தள்ளிவிடாமல் ஓரத்திலிருந்து வெளிநோக்கியே வழித்து எடுத்தேன். நான்கு தடவை எடுக்க வேண்டியிருந்தது. நாசித் துவாரத்தையும் அவ்வாறே ஈரத்துணியால் ஒற்றி ஊறவைத்துத் துடைத்தேன். அதன்பின் ஒரு சிட்டிகை சீனி கரைத்த இளஞ்சூட்டு நீரைச் சொட்டுக் குழாயில் எடுத்து, வாய்க்குள் விடாமல் மூடிய அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தேன். சொட்டு தானாக உள்ளே இழுபட்டது. குஞ்சு அலகைப் படபடவென்று அடித்து விழுங்கிற்று. ஒன்றை விழுங்கிய பிறகே அடுத்தது. அரைமணி நேரத்தில் பத்துப் பதினைந்து சொட்டுக்கு மேல் போகவில்லை. அதற்கு மேல் அவசரப்படவும் கூடாது.

பார்த்துக்கொண்டிருந்த சிறுமி, "நீங்க ஊத்தவே இல்லையே, ஐயா" என்றாள். ஊற்றாமலிருப்பதுதான் இதில் முழு வைத்தியமும் என்று அவளுக்குச் சொன்னேன்.

தீனியைப் பற்றிச் சொல்ல வேண்டியது: மாத்தீனைப் பிட்டுக்குக் குழைத்த மாவைக் காட்டிலும் சற்று இளக்கமாக நீர் விட்டுப் பிசைந்து, ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் வைக்க வேண்டும், மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும், ஏனெனில் ஈரத்தீன் சில மணி நேரத்திற் புளித்துப்போகும். பக்கத்திலேயே சிரட்டையொன்றில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு நீர். அலகு நாசிவரை முங்க வேண்டும். உடம்பு இறங்கக் கூடாது. சிரட்டைக்குள் கூழாங்கற்களைப் போட்டுவிட்டால் குஞ்சு உள்ளே ஏறாது. தீனி இருக்கும்போதெல்லாம் நீரும் இருக்க வேண்டும். இரவில் நீரை எடுப்பதாயின் தீனியையும் எடுத்துவிட வேண்டும். விரிப்புக்கு மரத்தூள் கூடாது, பசித்த குஞ்சு அதையும் தின்றுவிடும். செய்தித்தாளும் கூடாது, வழுக்கிக் கால்கள் அகன்றுபோகும். இவ்வளவு எளிய உபாயங்களால் எத்தனை குஞ்சுகள் பிழைக்கும் என்பதை எண்ணும்போது, தெரியாமலிருந்த காலத்தில் என் கையில் மடிந்த குஞ்சுகளின் நினைவு எனக்கு வராமலிருப்பதில்லை.

ஆயினும் விழுங்க முடியாத குஞ்சுக்கெல்லாம் காரணம் உலர்ந்த தீனி ஒன்றே என்று கொள்வது தவறு. வாயினுள் வெள்ளைத் திட்டுகள் படிந்து, துடைத்தால் அடியிற் புண் தெரிந்தால், அது பூஞ்சை நோய். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது சில வேளை விழுங்கும் சிரமம் போலவே தோன்றும். பூசணம் பிடித்த வைக்கோலில் கிடந்த குஞ்சுகளுக்கு நுரையீரலில் வரும் நோய் அத்தகையது, நம் மலைநாட்டு ஈரத்தில் அதற்கு இடம் அதிகம். கழுத்துத் தசைகள் தளர்ந்து தலை துணிபோலத் தொங்குமானால் அது வேறு விஷயம்: தேங்கிய நீரிலும் அழுகிய பிராணிகளின் உடலிலும் அவற்றில் நெளியும் புழுக்களிலும் உண்டாகும் ஒரு கிருமியின் விஷம் நரம்பைத் தாக்கியிருக்கிறது. 1910-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பேரியின் கரைகளில் காட்டுத் தாராக்கள் இலட்சக்கணக்கில் இவ்வாறு விழுந்து மடிந்தன. நீரிலுள்ள காரமே காரணமென்று இருபது ஆண்டுகள் நம்பியிருந்து, பொட்டுலிசம் என்ற அந்த விஷநோயே அது என்று 1930-இல்தான் கண்டறிந்தார்கள். வீட்டுச் சாக்கடையில் எலி செத்துக் கிடந்தால் தாரா வளர்ப்பவர் அதை அன்றே அப்புறப்படுத்த வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயங்கள் தீனியையே பற்றியவை. நியாசின் என்னும் உயிர்ச்சத்து, கோழிக்குஞ்சின் தீனில் ஒரு கிலோவுக்கு 27 முதல் 35 மில்லிகிராம் இருந்தாற் போதும்; தாராக்குஞ்சுக்கோ 55 மில்லிகிராம் வேண்டும். குறைந்தால் கால்கள் வளைந்து குஞ்சு தீனித்தட்டை எட்ட மாட்டாமல் படுத்துவிடும். கோழிக்குஞ்சுகளில் இதே குறைவு நாக்கையும் வாயையும் புண்ணாக்குவதுமுண்டு. மதுவடிக்கும் ஈஸ்டுப் பொடி கிடைத்தால் தீனியில் சிறிது கலக்கலாம். கிடைக்காத வீட்டில் உப்பில்லாமல் அவித்து உதிர்த்த மீன் பெரிதும் உதவும்.

மற்றது பூசணம். 1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் இறந்தன, தாராக்குஞ்சுகளும் இறந்தன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில், அதாவது நம் கச்சான் புண்ணாக்கில், பூசணம் உண்டாக்கிய நஞ்சே காரணமென்று தெரிந்து அதற்கு அஃப்ளாடொக்சின் என்று பெயரிட்டார்கள். அந்த நஞ்சு தாராக்குஞ்சை மற்ற எல்லாக் குஞ்சுகளையும்விட விரைவாகத் தாக்குவதால், ஒரு தீவனத்தில் நஞ்சுண்டா என்று சோதிப்பதற்கு அக்காலத்து ஆராய்ச்சிக்கூடங்களில் ஒரு நாள் வயதுத் தாராக்குஞ்சையே பயன்படுத்தினார்கள். தேங்காய்ப் புண்ணாக்கானாலும் தவிடானாலும், மூட்டையைத் திறந்ததும் பூசண வாடை வந்தால் வெயிலில் உலர்த்திக் கொடுக்கலாமென்று எண்ண வேண்டாம். வெயிலுக்கு அந்த நஞ்சு போகாது.

ஒரு நாள் முழுதும் மேற்சொன்னவாறு பார்த்தும் குஞ்சு விழுங்கவில்லையானால், அல்லது வாயில் திட்டோ கழுத்தில் தளர்ச்சியோ கண்டால் அந்த ஒரு நாளும் காத்திராமல், வைத்தியரிடம் போக வேண்டும். அந்த விஷயத்தில் கண்டி வாசிகளுக்குள்ள வசதி நாட்டில் வேறெவர்க்கும் இல்லை. மிருக வைத்தியம் போதிக்கும் பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகம் கெட்டம்பேயில். மகாவலியின் மறுகரையில், கன்னொறுவையில், மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம். போகும்போது காற்றுத் துளையிட்ட பெட்டியில் குஞ்சை வைத்து, கூடவே அது தின்ற தீனியில் ஒரு பிடியையும், இறந்த குஞ்சு ஏதேனும் இருந்தால் அதையும் எடுத்துச் செல்ல வேண்டும். உயிருள்ள குஞ்சு சொல்லாததை அவை வைத்தியருக்குச் சொல்லிவிடும்.

அந்தச் சிறுமியின் குஞ்சு மறுநாட் காலையில் தானாகவே அலகை நனைத்துக் குடித்தது. தனியே விட்டால் கத்திக்கொண்டே இருந்து தீனியைத் தொடாதாகையால் அன்றைக்கே அதன் கூட்டத்தோடு சேர்த்துவிடச் சொல்லி அனுப்பினேன். நான்கு நாட்களுக்குப் பிறகு லயத்துப் பக்கம் போனபோது, அவள் தாய் என்னைக் கண்டதும் முறையிட்டாள்: "தண்ணிய பக்கத்துல வைக்கச் சொன்னீங்களாம் ஐயா. நெலமெல்லாம் சேறாக்கிருச்சுங்க பாருங்க." பார்த்தேன். அடைக்கோழி ஓரமாக நின்று உலர்ந்த இடத்துக்கு வரும்படி அழைத்துக்கொண்டிருந்தது. மூன்று குஞ்சுகளும் அதைக் காதில் வாங்காமல் தட்டுக்கும் சிரட்டைக்குமாக ஓடிக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் இடையிலிருந்த ஒரு சாண் நிலம் முழுவதும் தீனியும் நீரும் கலந்து குழம்பாகியிருந்தது.