சீட்டுக்குப் பிணையம் உண்டு, கிரிப்டோவுக்கு?

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் ஒருவர் ஏலச்சீட்டு நடத்த வேண்டுமானால், 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி முன் அனுமதி வாங்க வேண்டும், சீட்டைப் பதிவாளரிடம் பதிய வேண்டும், சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பிணையமும் காட்ட வேண்டும். அதே ஊரில் சாமை விற்ற காசைக் கைபேசி வழியே கிரிப்டோவில் போடுகிறவருக்கு, மறுமுனையில் இருக்கும் நிறுவனம் இந்தியாவில் அப்படிப் பிணையம் எதுவும் காட்டத் தேவையில்லை. அது செய்ய வேண்டியது ஒரு பதிவு மட்டுமே. அந்தப் பதிவைத்தான் பலரும் உரிமம் என்று நம்பிவிடுகிறார்கள்.

2023 மார்ச் 7 அன்று கிரிப்டோ சந்தைகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தன. அலுவலகம் எந்த நாட்டில் இருந்தாலும், இந்திய வாடிக்கையாளரிடம் தொழில் செய்தால் மத்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிய வேண்டும். வாடிக்கையாளர் யாரென்று சரிபார்ப்பது, ஆவணங்களைக் காப்பது, சந்தேகமான பரிமாற்றங்களைத் தெரிவிப்பது: கடமை அவ்வளவே. கறுப்புப் பணம் பிடிபட இது உதவும். போட்ட பணம் திரும்பி வருமா என்ற கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கடல்கடந்த உரிமம் அந்தக் குறையைத் தீர்க்குமா? எஃப்.டி.எக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையின் கிளை நிறுவனம் பஹாமாஸில் முறைப்படி அனுமதி பெற்றதுதான். 2022 நவம்பரில் அந்தக் குழுமமே சரிந்தது. சிங்கப்பூர் நாணய ஆணையம் இதை நேர்மையாகவே அணுகியது. தன் மண்ணில் இருந்துகொண்டு வெளிநாட்டவருக்கு மட்டும் கிரிப்டோ சேவை தரும் நிறுவனங்களுக்கு 2025 ஜூன் 30 முதல் உரிமம் கட்டாயம் என்றது. அந்த உரிமமும் பொதுவாகக் கொடுக்கப்படாது என்றது. தொழில் வேறெங்கோ நடந்தால் மேற்பார்வை எட்டாது என்பதே காரணம். உரிமம் கேட்க வேண்டியது வாடிக்கையாளரின் நாடுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டாம்.

இந்தியா உரிமம் கொடுத்தால் கிரிப்டோவுக்கு அங்கீகாரம் கொடுத்ததாகிவிடும் என்பது ஒரு தயக்கம். 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் 30 சதவீத வரி, அந்த ஜூலை முதல் பரிமாற்றத்துக்கு 1 சதவீதப் பிடித்தம் என்று வசூலிக்கும் அரசு இதைச் சொல்வது பொருந்தவில்லை. கெடுபிடி செய்தால் ஓடிவிடுவார்கள் என்பது அடுத்த வாதம். 2023 டிசம்பரில், பதியாத ஒன்பது வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நோட்டீஸ் போனது. அடுத்த மாதமே அவற்றின் செயலிகள் முடக்கப்பட்டன. அவற்றில் குகாயின் 34.5 லட்சம் ரூபாயும், பைனான்ஸ் 18.82 கோடியும் அபராதத்துக்கு ஆளாகி, இரண்டும் இங்கே பதிந்துகொண்டன. இந்தச் சந்தையை விட்டுப்போக அவற்றுக்கு மனமில்லை.

2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்தியக் கிரிப்டோ சந்தையில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடு போயின. திருடுபோகாத எக்ஸ்ஆர்பி நாணயங்களை வைத்திருந்த ஒரு வாடிக்கையாளரின் கணக்கும் முடங்கியது. இதை விசாரிக்க வேண்டியது சிங்கப்பூர் நடுவர் மன்றம்தான் என்று நிறுவனத் தரப்பு வாதிட்டது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பணம் சென்னை வங்கிக் கணக்கிலிருந்து போனதைச் சுட்டியது, கிரிப்டோ ஒரு சொத்து என்றது, சுமார் 9.56 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் தரச் சொன்னது. ஜமுனாமரத்தூர் சீட்டுக்காரர் முதல் தவணை வாங்கும் முன்பே காட்ட வேண்டிய பிணையம், இங்கே ஒரே ஒருவருக்கு, வழக்குப் போட்ட பிறகு கிடைத்திருக்கிறது.