அயல்நாட்டுச் சிற்றூரில் தொண்டாசிரியர்

கல்லூரிப் படிப்பை முடித்து இருபத்திரண்டு வயதில் வெளியே வரும் ஓர் இளைஞன், பெரும்பொருள் கருதாமல், முன்பின் அறியாத ஓர் அயல்நாட்டுச் சிற்றூருக்குச் சென்று ஈராண்டுக் காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு என்ன நேர்கிறது? அவ்வூருக்கு என்ன நேர்கிறது? இவ்வினாவை மாணவர்களாகிய உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். எடுத்துக்காட்டாக நான் கொள்வது எத்தியோப்பியா நாடு. இளமையில் என்னோடு பணியாற்றிய மூத்த ஆசிரியர் ஒருவர், 1960-களில் அந்நாட்டில் ஒப்பந்தத்தின்பேரில் கணிதம் கற்பித்துத் திரும்பியவர். அந்நாளில் நம் நாட்டிலிருந்து ஆசிரியர் பலர் அங்குச் சென்றனர். இடைவேளைகளில் அவர் கூறியவற்றையும், பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் சேர்த்தே இங்குச் சொல்கிறேன்.

ஆசிரியரைக் கடல்கடந்து அழைக்க வேண்டிய நிலை அந்நாட்டுக்கு ஏன் வந்தது? 1935-இல் இத்தாலி எத்தியோப்பியாவின்மீது படையெடுத்தது. 1937-இல் தலைநகரான அடிஸ் அபாபாவில் நிகழ்ந்த படுகொலையின்போதும் அதனையடுத்தும், கற்றறிந்த இளைஞர்கள் தேடிப் பிடித்துக் கொல்லப்பட்டனர். 1941-இல் நாடு விடுதலை பெற்றபோது, பள்ளிகளைத் திறக்கலாம் என்றால் கற்பிக்க ஆள் இல்லை. பள்ளிக் கட்டடத்தை ஓராண்டில் எழுப்பிவிடலாம். ஓர் ஆசிரியரை உருவாக்கப் பதினைந்து ஆண்டுகளேனும் வேண்டும் அன்றோ?

1961 மார்ச் மாதத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி, ‘பீஸ் கோர்’ என்னும் அமைதித் தொண்டர் படையை நிறுவினார். அதன் வழியாக 1962 செப்டம்பரில் ஏறக்குறைய 280 இளைஞரும் மங்கையரும் எத்தியோப்பியா வந்து சேர்ந்தனர். அந்நாட்டின் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர் தொகை இவர்களால் ஏறத்தாழ இருமடங்காயிற்று என்பர். அவர்களுக்குத் தலைமை வகித்த ஹாரிஸ் வாஃபர்ட் என்பவர், முன்னரே இந்தியாவுக்கு வந்து காந்தியடிகளின் வழியைப் பயின்று நூல் எழுதியவர். தொண்டர்களுக்கு ஊதியம் இல்லை. உண்ணவும் உறையவும் போதுமான படி உண்டு. நாடு திரும்பும்போது பெறுமாறு, மாதம் 75 டாலர் ஒதுக்கி வைக்கப்பட்டது.

அவர்கள் முதலில் தடுமாறியது பாடத்தில் அன்று, கடிகாரத்தில். எத்தியோப்பியர் பொழுதை விடியற்காலையிலிருந்து எண்ணுவர். நாம் காலை ஏழு மணி என்பது அவர்களுக்கு ஒரு மணி. நம் எட்டு மணி அவர்களுக்கு இரண்டு. கதிரவன் எழுந்தது முதல் நாழிகை எண்ணிய நம் முன்னோர்க்கு இது வியப்பாக இராது. நியூயார்க்கிலிருந்து வந்தவருக்கோ ஒவ்வொரு சந்திப்பும் குழப்பந்தான். ஆண்டுக்குப் பதின்மூன்று மாதங்கள்: பன்னிரண்டு மாதங்களுக்கு முப்பது முப்பது நாள், எஞ்சிய ஐந்து அல்லது ஆறு நாளுக்கு ஒரு சிறு மாதம். புத்தாண்டு செப்டம்பரில் பிறக்கும். 1962 செப்டம்பரில் வந்திறங்கியவர், அந்நாட்டு நாள்காட்டியில் 1955-ஆம் ஆண்டு பிறந்திருக்கக் கண்டார்.

அடுத்தது எழுத்து. அம்ஹாரிய மொழிக்கு 33 அடிப்படை எழுத்துகள், ஒவ்வொன்றும் உயிரோசைக்கேற்ப ஏழு வடிவம் கொள்ளும், ஆக 231. நம் உயிர்மெய் வரிசையைக் கற்றவர் இதன் அமைப்பை ஒரே நாளில் விளங்கிக்கொள்வர். என் நண்பர் ஆறு வாரத்தில் கடைப்பலகைகளைப் படிக்கத் தொடங்கிவிட்டாராம். அமெரிக்க இளைஞர்கள் எழுத்தில் பின்தங்கினும் பேச்சில் முந்திக்கொண்டனர் என்றும், சந்தையில் பிழையாகவேனும் வாய்கூசாமல் பேசியதே அதற்குக் காரணம் என்றும் அவர் சொல்வார்.

உணவையும் சொல்ல வேண்டும். டெஃப் என்னும் கடுகினும் சிறிய தானியத்தை மாவாக்கி, கரைத்துப் புளிக்கவைத்து, அகன்ற தோசைபோல் சுடுவது இஞ்சரா. ஒரே தட்டிலிருந்து பலர் கையால் உண்பர். அன்பு மிகுந்தால் ஒரு கவளத்தை எடுத்து விருந்தினர் வாயில் ஊட்டுவர். அதற்குக் குர்ஷா என்று பெயர். மறுப்பது முறையன்று. பால் தலையைத் திருப்பிக்கொண்டு விழுங்கிய இளைஞர்களும் உண்டாம்!

வகுப்பறைக்கு வருவோம். அடிஸ் அபாபாவுக்குத் தென்மேற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் வொலிசோ என்றோர் ஊர் உண்டு. பிற்காலத்தில் அமெரிக்க மேலவை உறுப்பினராக விளங்கிய பால் சாங்கஸ் 1962 முதல் 1964 வரை தொண்டாசிரியராக இருந்தது அங்கேதான். அப்பக்கத்துப் பிள்ளைகளுள் மிகப் பலர் வீட்டில் பேசுவது ஒரோமோ மொழி. பள்ளியில் சேர்ந்ததும் பாடம் அம்ஹாரியத்தில். ஏழாம் வகுப்பு முதல் எல்லாம் ஆங்கிலத்தில். அதாவது, தொண்டாசிரியர் வரலாறோ அறிவியலோ கற்பித்தபோது, கேட்ட பிள்ளை அதனைத் தன் மூன்றாவது மொழியில் கேட்டது. போதாக்குறைக்கு, ஒரு பாடவேளையில் அமெரிக்கரின் ஆங்கிலம், மறு பாடவேளையில் நம்மவரின் ஆங்கிலம்!

இத்தொண்டர்களிற் பெரும்பாலோர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியை மிதித்தவர் அல்லர். சில மாதப் பயிற்சியோடு வந்தவர்கள். பயிற்சி பெற்ற ஆசிரியனாகிய எனக்கு இது உறுத்துவதே. அவர்கள் கலந்துரையாடலை விரும்பினர். மாணவரோ குறிப்புகளைக் கேட்டனர். “உன் கருத்து என்ன?” என்று ஓர் இளைஞர் வினவ, “ஐயா, இது தேர்வுக்கு வருமா?” என்று மாணவன் திருப்பிக் கேட்டதை நண்பர் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கு அம்மாணவனைக் குறைகூற மனம் வரவில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு பொதுத் தேர்வு, பன்னிரண்டில் மற்றொன்று. தவறினால் மீண்டும் ஏர் பிடிக்க வேண்டியதே. தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்து நடந்து வந்து, வீட்டுத் தானியத்தைச் சுமந்து வந்து, அறையொன்றில் நான்கைந்து பேராகத் தங்கிப் படித்த பிள்ளைகள் அவர்கள். ஆயின் அத்தகைய பிள்ளைகளுக்குத் தம் வீட்டில் இடமளித்து, மாலையில் விளக்கொளியில் உடனிருந்து படிக்கவைத்த தொண்டர் பலர். முறைப்படி பயின்ற நம்முள் எத்தனை பேர் இதனைச் செய்தோம்? பயிற்சியின் குறையை உடனுறைவு ஓரளவு ஈடுசெய்தது என்றே கருதுகிறேன்; ஓரளவுதான். ஊரின் நெளிவுசுளிவு புரியத் தொடங்கும்போது ஈராண்டு முடிந்துவிடும். அடுத்தவர் வந்து கடிகாரத்திலிருந்து தொடங்குவார்.

1964 முதல் எத்தியோப்பியப் பல்கலைக்கழக மாணவரும் ஓராண்டு நாட்டுப்புறத்தில் தொண்டு செய்தாக வேண்டும் என விதிக்கப்பட்டது. பெரும்பாலோர் ஆசிரியராயினர். பல்கலைக்கழக மாணவர்கள், “உழுபவனுக்கே நிலம்” என்று 1965-இல் தலைநகர் வீதியில் முழங்கினர். அப்பதிற்றாண்டின் இறுதியில், அமெரிக்கத் தொண்டர் வெளியேற வேண்டும் என்ற குரலும் மாணவரிடையே எழுந்தது. 1974-இல் பேரரசர் ஹைலி செலாசி பதவியிழந்தார். 1977-இல் தொண்டர் படை நாட்டைவிட்டு நீங்கிற்று. பல்லாண்டுகளுக்குப் பின்னரே மீண்டது.

ஒரோமோ ஊர்களுக்குத் தொண்டாற்றச் சென்ற தலைநகர் மாணவருட் பலர், அவ்வூர்ப் பிள்ளைகளின் வீட்டுமொழி அறியாமல், அமெரிக்கரைப் போலவே திகைத்து நின்றனர். 1994-இல் வகுத்த கல்விக் கொள்கை தாய்மொழியில் தொடக்கக்கல்வி பயில வழிசெய்தது. வொலிசோவில் இன்று ஒரோமோ வீட்டுப் பிள்ளை தன் முதல் எழுத்தைத் தன் மொழியிலேயே எழுதுகிறது.