மருந்தடிக்கும் கைகளுக்கு என்ன பாதுகாப்பு?

யோங் பெங் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ரப்பர் குறைந்து செம்பனை பெருகிய பின், களைக்கொல்லிப் பம்பை முதுகில் சுமக்கும் வேலை நம் தாய்மார்கள் பலருக்கு வந்து சேர்ந்தது. தொழிலாளர் நலம் என்றால் விளையாட்டுப் போட்டியும் இனிப்பு நீர் பற்றிய சொற்பொழிவும் என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன. அவையும் வேண்டியவைதாம். ஆனால், நஞ்சை உடம்பிலிருந்து விலக்குவதல்லவா முதல் வேலை?

பாராகுவாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மிடறு உள்ளே போனாலே நுரையீரலைக் கெடுத்து உயிரைக் குடித்துவிடும், முறிமருந்து கிடையாது. 2002இல் அரசாங்கம் அதைத் தடுக்க முற்பட்டது. 2006இல் தடை தளர்ந்தது. முழுத் தடை 2020 ஜனவரி 1இல்தான் வந்தது. இடையே அதைச் சுமந்த முதுகுகள் எத்தனையோ!

மற்ற மருந்துகள் இன்னும் இருக்கின்றன. முகமூடி கொடுத்தால் போதுமா? பத்து மணி வெயிலில் அதைக் கழற்றாதவர் யார்? அடிக்கும் இடத்திலேயே சோப்பும் தண்ணீரும், வேலை முடிந்ததும் குளிக்க ஓர் அறை, வேலை உடுப்பை அங்கேயே துவைக்க ஏற்பாடு, இவை வேண்டும். இல்லையேல் அம்மாவின் உடுப்பும் பிள்ளையின் பள்ளிச் சட்டையும் ஒரே வாளியில் ஊறும்.

1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, இப்பாதுகாப்புக்காகத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. இது பலருக்குத் தெரிவதில்லை.

கருவுற்றிருப்பதைத் தண்டலிடம் சொல்லக் கூசும் பெண்கள் டிரசரிடமோ கிளினிக் மிஸ்ஸியிடமோ சொல்லி, வேறு வேலை கேட்கலாம். போகும்போது மருந்து டப்பாவில் உள்ள பெயரை எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.