மண்டியிடுவதில் சமத்துவம், மேய்ப்பதில் பாகுபாடு: அசூசா தெரு சபையின் வரலாறு

பெந்தெகொஸ்தே சபைகள் தம் தொடக்கத்தைப் பற்றிப் பேசும்போது 1906ஆம் ஆண்டையும், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவையும் குறிப்பிடுவது வழக்கம். அத்தெருவில் நின்ற சபையின் போதகர் அடிமைகளாக வாழ்ந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்த கறுப்பினத்தவர் என்பதும், அங்கிருந்து கிளம்பிய இயக்கம் பத்தாண்டுகளுக்குள் அவரையே ஓரத்தில் நிறுத்திவிட்டது என்பதும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் தொடங்கிய ஒரு வழிபாட்டு இயக்கம் அவர்கள் கையைவிட்டு எவ்வாறு போயிற்று என்பதை அறிய இந்த ஒரு சபையின் வரலாறே போதுமானது.

வில்லியம் ஜோசப் சீமோர் 1870ஆம் ஆண்டு லூசியானா மாநிலத்தில் பிறந்தார். இளமையில் உணவு விடுதிகளில் பரிமாறுபவராக வேலை செய்தார். அம்மை நோயில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். அக்காலத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நிறப் பாகுபாடே சட்டம். கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் தனித்தனி ஏற்பாடுகள் செய்வது அரசியல் சாசனத்துக்கு முரணன்று என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் தீர்ப்பளித்திருந்தது.

1906ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹூஸ்டன் நகரில் சார்லஸ் பார்ஹாம் என்ற வெள்ளையின ஊழியர் ஒரு வேதாகமப் பள்ளியை நடத்திவந்தார். பரிசுத்த ஆவியின் அபிஷேகத்துக்கு அந்நிய பாஷையே அடையாளம் என்பது அவருடைய போதனை. அதைக் கற்க விரும்பிய சீமோருக்கு வகுப்பறைக்குள் வெள்ளையரோடு அமர இடம் தரப்படவில்லை. கதவைத் திறந்துவைத்து, வெளியே இருந்து கேட்டுக்கொள்ளுமாறு சொல்லப்பட்டார். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் தனியே உட்காரவைக்கப்பட்ட நம் முன்னோரை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

அதே ஆண்டு பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்த ஒரு சிறிய கறுப்பினச் சபை அவரை அழைத்தது. அவருடைய போதனையை ஏற்காத அச்சபையார் சில நாள்களிலேயே அவருக்கு எதிராகக் கதவைப் பூட்டினர். அதன்பின் கட்டடங்களைத் துப்புரவு செய்வோரும், துணி வெளுப்போரும், வீட்டு வேலை செய்வோருமான கறுப்பின மக்கள் பானி பிரே தெருவில் ஒரு வீட்டில் அவரோடு கூடி ஜெபித்தனர். ஏப்ரல் 9 அன்று அங்கே அந்நிய பாஷை பேசும் அனுபவம் தொடங்கியது. கூட்டம் பெருகவே, அசூசா தெரு 312ஆம் எண்ணிலிருந்த பழைய கட்டடத்துக்கு மாறினர். ஒருகாலத்தில் கறுப்பின மெதடிஸ்ட் ஆலயமாக இருந்து, பிற்பாடு கீழ்த்தளம் குதிரைலாயமாகவும் சரக்குக் கிடங்காகவும் மாறியிருந்த இடம் அது. செருப்புகள் வந்த இரண்டு மரப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பிரசங்க பீடமாக்கினர்.

அங்கு நிகழ்ந்தவற்றில் அந்நிய பாஷையைக் காட்டிலும் அக்காலத்தை அதிரவைத்தது மக்கள் கூடியிருந்த முறையே. கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோ நாட்டினர் முதலியோர் ஒரே பலகையில் அமர்ந்தனர். ஒருவர்மேல் ஒருவர் கைவைத்து ஜெபித்தனர். சபையை நடத்திய மூப்பர் குழுவில் இரு நிறத்தவரும் இருந்தனர். ஆண்களோடு பெண்களும் இருந்தனர். அதே 1906 செப்டம்பரில் அட்லாண்டா நகரில் வெள்ளையர் கும்பல் கறுப்பின மக்களைத் தெருத்தெருவாகக் கொன்றது என்பதை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸின் நாளேடுகளோ இக்கூட்டங்களைக் கேலி செய்தே எழுதின.

இந்தச் சமத்துவம் எங்கே உடையத் தொடங்கியது? முதல் அடி ஆசிரியரிடமிருந்தே வந்தது. 1906 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்த பார்ஹாம், இரு நிறத்தவரும் கலந்து தொழுவதைக் கண்டு அருவருத்தார். கூட்டத்தைக் கண்டித்துப் பேசினார். மூப்பர்கள் அவரை ஏற்க மறுத்ததும், அருகிலேயே போட்டிக் கூட்டம் தொடங்கினார். பிற்காலத்தில் கூ கிளக்ஸ் கிளான் என்ற நிறவெறி அமைப்பை அவர் வெளிப்படையாகப் பாராட்டினார்.

இரண்டாவது இழப்பு பத்திரிகை. அசூசா சபை வெளியிட்ட ‘அப்போஸ்தல விசுவாசம்’ என்ற இதழ் பல்லாயிரக்கணக்கில் அச்சாகி, பல நாடுகளுக்கு இலவசமாக அனுப்பப்பட்டது. 1908இல் அதன் பணிகளைக் கவனித்துவந்த கிளாரா லம் என்ற வெள்ளையினப் பெண் போர்ட்லாந்து நகரிலிருந்த மற்றொரு சபையில் சேர்ந்தார். இதழும் அதன் முகவரிப் பட்டியல்களும் அங்கே சென்றுவிட்டன. அது எந்தச் சூழலில் நடந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. விளைவில் ஐயமில்லை: காணிக்கை அனுப்பிய வாசகர்களோடு சீமோருக்கு இருந்த தொடர்பு அறுந்தது.

மூன்றாவது, பீடம். 1911இல் சீமோர் வெளியூர் ஊழியத்தில் இருந்தபோது, சிகாகோவிலிருந்து வந்த வில்லியம் டர்ஹாம் என்ற வெள்ளையினப் போதகர் அசூசாவில் பிரசங்கித்தார். பரிசுத்தமாகுதலைப் பற்றிய அவருடைய உபதேசம் சீமோருடையதிலிருந்து வேறுபட்டது. திரும்பி வந்த சீமோர் அவருக்குக் கதவை அடைத்தார். டர்ஹாம் வேறிடத்தில் கூட்டம் தொடங்க, விசுவாசிகளில் பெரும்பகுதியினர் அவருடன் போயினர்.

நான்காவது, அங்கீகாரம். கறுப்பினத் தலைவரான சார்லஸ் மேசன் 1907இல் அசூசாவுக்கு வந்து சென்றவர். அவருடைய ‘கிறிஸ்துவுக்குள் தேவ சபை’ என்ற அமைப்பிடமிருந்து ஊழியச் சான்று பெற்றிருந்த வெள்ளையினப் போதகர்களும் இருந்தனர். 1914இல் ஆர்க்கன்சா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரில் பெரும்பாலும் வெள்ளையரே கூடி அசெம்பிளிஸ் ஆஃப் காட் என்ற அமைப்பை நிறுவினர். அதன்பின் அவர்களுக்குக் கறுப்பினத் தலைவரின் கையொப்பம் தேவைப்படவில்லை.

1915இல் சீமோர் தம் சபைக்கு ஒரு சட்டநூலை வெளியிட்டார். சபையின் தலைமைப் பொறுப்புகளைக் கறுப்பினத்தவரே வகிக்க வேண்டும் என்று அதில் விதித்தார். வெள்ளையரை நேசிக்க வேண்டும், அவர்களுக்குச் சபைக்குள் இடமுண்டு என்றும் கூறினார். பிளவுகளைத் தவிர்க்கவே இவ்விதி என்று விளக்கினார். எல்லாரும் ஒன்றே என்று பிரசங்கித்தவர் இப்படிச் செய்தது முரண்பாடு என்று சிலர் கருதலாம். ஒன்பதாண்டு அனுபவத்தில் அவர் கற்ற பாடம் அது. அன்பை மட்டும் நம்பி அதிகாரத்தைப் பகிர்ந்தவர், அந்த அன்பு நீடிக்க அதிகாரத்துக்கு வேலி தேவை என்ற முடிவுக்கு வந்தார். பொதுப்பட்டியலில் கரைந்துபோகாத பிரதிநிதித்துவம் வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் வட்டமேசை மாநாட்டில் கேட்டதன் நியாயமும் இதுவே.

சீமோர் 1922 செப்டம்பர் 28 அன்று மாரடைப்பால் இறந்தார். அவருடைய மனைவி ஜென்னி போதகராகப் பொறுப்பேற்றுச் சிறிய கூட்டத்தை நடத்தினார். 1930ஐ ஒட்டி, புதிதாக வந்த வெள்ளையர் ஒருவர் தலைமைக்கு உரிமை கோரியதால் வழக்கு மூண்டது. 1931இல் கட்டடம் இடிக்கப்பட்டது. ஜென்னி 1936இல் மறைந்தார். சில ஆண்டுகளில் நிலமும் கைவிட்டுப் போயிற்று. அசூசாவில் சீமோர் வகித்த பங்கைக் கல்வியுலகம் உரிய முறையில் கவனிக்க ஏறத்தாழ அரைநூற்றாண்டு பிடித்தது. 1948இல் வட அமெரிக்காவின் வெள்ளையினப் பெந்தெகொஸ்தே சபைகள் தமக்குள் அமைத்துக்கொண்ட கூட்டமைப்பு, 1994இல் மெம்பிஸ் நகரில் மன்னிப்புக் கேட்டுக் கலைக்கப்பட்டது.

இவ்வரலாற்றின் நிழல் நம் மண்ணிலும் விழுந்திருக்கிறது. அமெரிக்க மிஷனரி ராபர்ட் குக் 1913இல் இந்தியா வந்து, பின்னர் திருவிதாங்கூரில் பெந்தெகொஸ்தே ஊழியம் செய்தார். அவர் கூட்டங்களுக்குத் தலித் மக்கள் திரளாக வந்தனர். சிரியன் கிறிஸ்தவப் பின்னணியிலிருந்து வந்த கே. இ. ஆபிரகாம் 1930இல் அவரைவிட்டுப் பிரிந்தார். மிஷனரிக் கட்டுப்பாடற்ற இந்தியத் தலைமை வேண்டும் என்பது அவருடைய வாதம். அதன் தொடர்ச்சியே இன்றைய இந்திய பெந்தெகொஸ்தே சபை. குக் 1936இல் அமெரிக்காவின் சர்ச் ஆஃப் காட் அமைப்பில் இணைந்தார். அதே சர்ச் ஆஃப் காட் 1972இல் கேரளத்தில் சாதி வழியே பிரிந்து, தலித் விசுவாசிகளுக்குத் தனி நிர்வாகப் பிரிவு உருவானது. ஒரே அபிஷேகம் பெற்றவர்கள் இரண்டு அலுவலகங்களின் கீழ் வந்தனர். வெள்ளையரிடம் தன்னாட்சி கேட்பதை நியாயம் என்று ஏற்றுக்கொண்ட சபையுலகம், தலித் போதகர்கள் அதையே கேட்கும்போது பிரிவினை என்று பெயரிடுவது நேர்மையாகாது.

ஆகவே, எங்கள் சபையில் சாதியில்லை, எல்லாரும் ஒரே பாயில் அமர்கிறோம் என்ற பதில் போதாது. அசூசாவிலும் ஒரே பலகையில்தான் அமர்ந்தார்கள். கேட்க வேண்டியவை வேறு. போதகரை நியமிப்பதும் மாற்றுவதும் யார் கையொப்பத்தால்? சேரி மக்களின் காணிக்கையில் வாங்கிய நிலத்தின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? சபையின் இதழையும் வேதாகமக் கல்லூரியையும் நடத்துவோர் யார்? தலித் போதகர் நகரத்தின் பெரிய சபைக்கு அனுப்பப்படுகிறாரா, அல்லது ஓய்வு பெறும்வரை ஒரு குடியிருப்பிலிருந்து மற்றொரு குடியிருப்புக்கே மாற்றப்படுகிறாரா? சபைப் பொதுக்குழு கூடும் இடங்களிலெல்லாம் இக்கேள்விகள் எழுத்து வடிவில் வைக்கப்பட வேண்டும். பதில்கள் பதிவேட்டில் ஏற வேண்டும்.