அச்சிட்ட காகிதத்தில் அரிதான விகிதம்

டீக்கடையில் பணம் கட்ட நாம் ஸ்கேன் செய்யும் கியூஆர் கோடு பிறந்த இடம் ஒரு கார் உதிரிபாக நிறுவனம். ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில், ஆராய்ச்சி மேம்பாட்டுக் குழு ஒன்று அதை உருவாக்கியது.

1990களின் தொடக்கத்தில் அங்கே ஒரே பெட்டியில் பல பார்கோடுகள் ஒட்டியிருந்தன. ஒன்றில் சுமார் 20 எழுத்துகளே அடங்கும். தொழிலாளர் ஒருவர் நாளொன்றுக்கு ஆயிரம் முறை வரைகூட ஸ்கேன் செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் பட்ட பாட்டைக் கேட்ட பொறியாளர் மசாஹிரோ ஹாரா, 1992இல் இன்னொருவரை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

பார்கோடு தகவலைக் கிடைவாக்கில் மட்டும் சுமக்கிறது. கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக்கினால் நெடுக்கிலும் எழுதலாம். இத்தகைய கட்டக் குறியீடுகள் அப்போதே இருந்தன. ஆனால் படத்துக்குள் குறியீடு எங்கே இருக்கிறது, எப்படித் திரும்பியிருக்கிறது என்று தேடுவதிலேயே கருவிக்கு நேரம் போனது.

மூலைகளில் அடையாளச் சதுரம் வைக்கலாம் என்று குழு முடிவு செய்தது. அதே வடிவம் பக்கத்திலுள்ள எழுத்திலோ படத்திலோ வந்துவிட்டால் கருவி ஏமாந்துபோகும். எனவே துண்டுப் பிரசுரங்கள், இதழ்கள், அட்டைப்பெட்டிகள் என்று கைக்குக் கிடைத்த அச்சையெல்லாம் அலசி, கறுப்பும் வெள்ளையும் எந்தெந்த அகல விகிதத்தில் வருகின்றன என்று கணக்கெடுத்தார்கள். மிக அரிதாக வந்தது 1:1:3:1:1. அதையே சதுரத்துக்குள் வைத்தார்கள்: கறுப்பு, வெள்ளை, நடுவில் மூன்று பங்கு கறுப்பு, வெள்ளை, கறுப்பு. சதுரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே மையத்தில் அமைந்திருப்பதால், அந்த மையத்தின் வழியே எந்தக் கோணத்தில் கோடு போட்டாலும் இந்த விகிதம் மாறாது. மூன்று மூலைகளில் மட்டும் இச்சதுரம் இருப்பதால் குறியீடு திரும்பியிருக்கும் திசையும் தெரிந்துவிடும்.

தொழிற்சாலையில் எண்ணெய்ப் பிசுக்கு தவிர்க்க முடியாதது. அதனால் ரீட்-சாலமன் என்ற பிழைதிருத்தக் கணிதத்தைச் சேர்த்தார்கள். அதன் உயர்ந்த நிலையில், குறியீட்டுத் தகவலில் 30 விழுக்காடு வரை சிதைந்தாலும் மீட்டுவிடலாம். ஒரு கியூஆர் கோடில் அதிகபட்சமாக 7,089 எண்களை எழுதலாம்.

1994இல் வெளியிட்டபோது நிறுவனம் காப்புரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டாலும், தரவிதிப்படி பயன்படுத்துவோரிடம் கட்டணம் கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்ற அந்த முடிவே அதை ஊரெங்கும் கொண்டுசேர்த்தது.

புதிதாக ஏதாவது செய்யத் துடிக்கும் இளம் பொறியாளர்கள் இந்தக் குழுவின் வழியைப் பின்பற்றலாம். முதலில் பட்டறைக்குப் போய், அங்கே வேலை செய்பவரைக் களைக்கவைப்பது எது என்று கேட்க வேண்டும். பிறகு, விடை கிடைக்கும்வரை சலிக்காமல் அளக்க வேண்டும்.