நீரின் மினுக்கமும் மீனவர் கண்ணாடியும்

ஓட்டமாவடிப் பாலத்தருகே தூண்டிலிடுவோரையும், தோணியில் நின்று வீச்சுவலை எறிவோரையும் காலை வெயிலிற் கண்டோர், அவர்கள் நெற்றியிற் கைவைத்துக் கண்களைச் சுருக்கி நீரை உற்று நோக்குவதை அறிவர். வாவி ஓரளவு தெளிந்த நாளிலும் அடியில் ஓடும் கொடுவா புலப்படாது. வெள்ளியை உருக்கி வார்த்தாற்போன்ற மினுக்கமே தோன்றும். இதற்கு மாற்றாகச் சிலர் மலிவான கறுப்புக் கண்ணாடியை வாங்கி அணிகின்றனர். இருள் மிகுந்ததே நல்ல கண்ணாடி என்பது அவர் எண்ணம். அவ்வெண்ணம் பிழையானது, கண்ணுக்குக் கேடும் விளைக்க வல்லது.

ஒளியலை தான் செல்லும் திசைக்குக் குறுக்கே எல்லாப் பக்கங்களிலும் அதிர்வது. நீரிற் பட்டுத் தெறித்த ஒளியிலோ கிடையான அதிர்வே மேலோங்கி நிற்கும். இதனை முனைவாக்கம் என்பர். 1808 இல் மாலுஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர், பாரிசு நகரின் லக்சம்பூர் மாளிகைச் சாளரங்களில் தெறித்த வெயிலைக் கல்சைற்றுப் பளிங்கினூடு நோக்கினார். பளிங்கைத் திருப்புந்தோறும் ஒளி பெருகியும் குறைந்தும் தோன்றக் கண்டு இவ்வுண்மையை உணர்ந்தார். 1815 இல் டேவிட் புறூஸ்டர் இதற்கு விதி வகுத்தார். அவ்விதிப்படி, நீரில் தெறிக்கும் ஒளி ஏறத்தாழ 53 பாகைப் படுகோணத்தில் முற்றாக முனைவாக்கம் அடையும்.

இதனைத் தோணிக்குப் பொருத்திப் பார்ப்போம். நிற்பவரின் கண் நீர்மட்டத்திற்கு 6 அடி மேலிருப்பின், 8 அடி தூரத்து நீரே அக்கோணத்தில் அமையும். வீச்சுவலை விழும் இடமும் பெரும்பாலும் அதுவன்றோ!

1929 இல் எட்வின் லாண்ட் என்னும் அமெரிக்கர், முனைவாக்கும் மெல்லிய தகட்டை ஆக்கினார். நெருங்க நட்ட கம்புவேலியினூடு நிமிர்த்திய தடி நுழையும். கிடையாகப் பிடித்த தடி நுழையாது. அதுபோல இத்தகடு பதித்த கண்ணாடி, கிடையான அதிர்வைத் தடுத்து நிமிர்ந்த அதிர்வையே விடும். மினுக்கம் நீங்க, மீனிலிருந்து வரும் ஒளி கண்ணை அடையும். வெறுங் கறுப்புக் கண்ணாடியோ மினுக்கத்தையும் மீனின் ஒளியையும் ஒரே அளவிற் குறைப்பது. ஆதலின் மறைந்த மீன் மறைந்தபடியே இருக்கும். அன்றியும், இருளிற் கண்மணி விரியும். கழியூதாக் கதிரைத் தடுக்காத கண்ணாடியாயின், விரிந்த கண்மணியூடு அக்கதிர் மிகுதியாகப் புகும். கண்ணிற் சதை வளர்தலுக்கும் கண்புரைக்கும் அக்கதிர் ஒரு காரணமாகும். முனைவாக்கம் வேறு, இக்காப்பு வேறு. ஆதலால் 400 நனோமீற்றர் வரையுள்ள கதிர்களைத் தடுப்பதைக் குறிக்கும் ‘யூவீ 400’ என்னும் குறியையும் நோக்குதல் வேண்டும்.

இனி, நிறம். ஆழங்குறைந்து பச்சையும் பழுப்புமாய்க் கலங்கிய வாவிநீருக்குக் கபில நிறமோ செம்பு நிறமோ ஏற்றது. அது நீலவொளியைக் குறைத்து, மணலையும் பாசியையும் மீனையும் வேறுபடுத்திக் காட்டும். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஆழ்கடல் செல்வோர்க்குச் சாம்பல் நிறம் நன்று. அது நிறங்களைத் திரிக்காது. விடியற்பொழுதிற்கும் மழைமூட்டத்திற்கும் வெளிர்மஞ்சள் பொருந்தும். பகல் வெயிலுக்கு 8 முதல் 18 வீதம் வரை ஒளியை விடும் மூன்றாம் வகுப்புக் கண்ணாடி போதும். இரவில் எதனையும் அணியலாகாது.

கடையிற் சோதிக்கும் வழி எளிது. மேசையின் மினுக்கத்தைக் கண்ணாடியினூடு நோக்கியபடியே அதனைக் காற்சுற்றுத் திருப்புக. மினுக்கம் மங்கியும் மீண்டும் தோன்றினால் அது முனைவாக்கும் கண்ணாடி. மாற்றமில்லையேல் ஒட்டிய சீட்டு பொய் என்க.

இக்கண்ணாடிக்கும் எல்லை உண்டு. சேற்றுநீரை அது தெளிவாக்காது. ஒளிமுறிவையும் அது திருத்தாது. நேர்மேலிருந்து நோக்குவார்க்கு 4 அடி ஆழத்து மீன் 3 அடியிலேயே தோன்றும். அப்பிழையைத் திருத்துவது மீனவரின் பழகிய கையே.

தோணி பழுதுற்றால் தச்சர் உளர். வலை கிழிந்தால் பொத்தலாம். கண்ணுக்கு அத்தகைய மாற்று இல்லை. நம் மாணவருட் பலர் வாவியால் வாழும் வீட்டுப் பிள்ளைகள். ஒளியியற் பாடத்தில் பயின்ற இச்சிறு சோதனையைத் தந்தையர்க்குச் செய்து காட்டுவாராயின், அக்கல்வி பயன் தந்ததாகும்.